நாற்பது சென்டிமீட்டர் சமாதானம்

இந்தோனேசியாவின் பீட் (மக்காத தாவரப் படிவு) சதுப்புக்காடுகளைப் பற்றி எந்த மேடையில் பேச்சு எழுந்தாலும் ஒரு பட்டியல் முதலில் வந்து நிற்கிறது. இத்தனை ஆயிரம் தடுப்பணைகள், இத்தனை ஆயிரம் ஆழ்துளைக் கிணறுகள், இத்தனை லட்சம் ஹெக்டேர் மீண்டும் நனைக்கப்பட்டது. பட்டியல் முடிந்ததும் தீர்ப்பும் வந்துவிடுகிறது: வடித்துக் காயவைத்த நிலத்துக்குத் தண்ணீர் திரும்பிவிட்டது, அதற்குள் கிடக்கும் கார்பன் பத்திரமாகிவிட்டது. அந்தப் பட்டியலிலிருந்து இந்தத் தீர்ப்புக்குப் போக நேர்வழி கிடையாது. மீள்நனைப்பே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வடித்துப் பாழாக்கிய பீட் நிலத்தைக் காக்க அதைவிட்டால் வேறு வழியில்லை. அது நடக்கும் விதத்தோடும், அதற்கு எழுதப்படும் கணக்கோடும்தான் எனக்கு நெடுநாளாகச் சண்டை.

முன்கதை தெரிந்ததுதான். 1990-களின் நடுவில் அதிபர் சுகார்த்தோவின் அரசு மத்திய கலிமந்தானின் சதுப்புக்காட்டில் 10 லட்சம் ஹெக்டேர் நெல்வயல் உருவாக்கப்போவதாக இறங்கியது. 4,000 கிலோமீட்டருக்கும் மேலாகக் கால்வாய் வெட்டினார்கள். எதிர்பார்த்த நெல் விளையவில்லை. சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது. கால்வாய்கள் மட்டும் நிலத்தை இரவும் பகலும் வடித்துக்கொண்டிருந்தன. 1997 எல் நினோ வறட்சியில் தீ பிடித்தது. அந்த ஓராண்டில் இந்தோனேசியாவின் பீட்டும் காடும் எரிந்து 81 கோடியிலிருந்து 257 கோடி டன் வரை கார்பன் வெளியேறியிருக்கும் என்று சூசன் பேஜும் அவர் குழுவினரும் 2002-இல் ‘நேச்சர்’ இதழில் மதிப்பிட்டார்கள். உலகம் முழுதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிட்டதில் இது 13 முதல் 40 விழுக்காடு. 2015-இல் மறுபடியும் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. புகை கடல் தாண்டிப் போய் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளை மூடவைத்தது. இந்தோனேசியாவின் நட்டத்தை உலக வங்கி 1,610 கோடி டாலர் என்று கணக்கிட்டது. அடுத்த ஜனவரியில் அதிபர் ஜோக்கோ விடோடோ பீட் மீட்பு முகமையை அமைத்து, 7 மாகாணங்களில் சுமார் 20 லட்சம் ஹெக்டேரை மீட்கும் பொறுப்பை அதனிடம் கொடுத்தார்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததால் மக்காமல் போன மரமும் இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான் பீட். காற்று புகாதவரை அது அப்படியே கிடக்கும். நீர்மட்டம் இறங்கினால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கும். நீர்மட்டம் இறங்கும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 9 டன் கரியமில வாயு கூடுதலாக வெளியேறும் என்பது ஆய்வாளர் ஹோய்யரும் அவர் குழுவினரும் 2010-இல் வகுத்த கணக்கு. ஆகவே நீர்மட்டத்தை உயர்த்தினால் இழப்பு குறையும். இதில் தகராறு இல்லை. நனைத்தால் மீத்தேன் பெருகுமே என்று சிலர் கேட்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2013-இல் வெளியிட்ட ஈரநில வழிகாட்டியின் எண்களை வைத்துப் பார்த்தால், மீண்டும் நனைத்த வெப்பமண்டலப் பீட்டின் மீத்தேன் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதே மண்ணை வடித்து எண்ணெய்ப்பனை வைத்தால் 40 டன், காகிதக்கூழுக்கான அகேசியா வைத்தால் 73 டன். மீத்தேன் வாதம் அதோடு முடிகிறது. தீயும் குறைந்திருக்கிறது. எல்லா வகை நிலமும் சேர்த்து 2019-இல் எரிந்தது 16 லட்சம் ஹெக்டேர். எல் நினோ திரும்பிய 2023-இல் அது 12 லட்சத்துக்கும் கீழே. இதில் முகமையின் உழைப்புக்கும் பங்குண்டு.

இனி என் மறுப்புக்கு வருகிறேன். அது 40 என்ற ஓர் எண்ணைச் சுற்றியது.

2014-இல் கொண்டுவந்து 2016-இல் திருத்திய பீட் பாதுகாப்பு விதி, சாகுபடிக்கு விட்ட பீட்டில் நீர்மட்டம் நிலப்பரப்பிலிருந்து 40 செ.மீ.க்கும் கீழே போனால் அந்த நிலத்தைச் சேதமடைந்தது என்கிறது. அதற்கு மேலே நின்றால் தோட்ட உரிமக்காரர் சட்டத்தை மதித்தவர் ஆகிறார்; அவர் நிலம் மீட்புக் கணக்கில் ஏறுகிறது. மேலே சொன்ன ஹோய்யர் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 70 செ.மீ. ஆழத்துக்கு வடித்திருந்த தோட்டம் ஹெக்டேருக்கு 63 டன் வெளியிட்டது. சட்டத்துக்குப் பணிந்து 40-க்கு ஏறினால் 27 டன் மிச்சம். மீதி 36 டன் ஆண்டுதோறும் போய்க்கொண்டேதான் இருக்கும், சட்டத்தின் முழு அனுமதியோடு. இழப்பின் வேகத்தைக் குறைப்பது ஒன்று. கார்பனைச் சேமிப்பது முற்றிலும் வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதன் பெயரில் அறிக்கை எழுதுகிறார்கள்.

நிலமே இதற்குச் சாட்சி. சுமத்ராவில் அகேசியாத் தோட்டத்துக்காக வடித்த பீட் முதல் ஐந்து ஆண்டுகளில் 142 செ.மீ. தாழ்ந்தது, அதன்பிறகும் ஆண்டுக்கு 5 செ.மீ. வீதம் தாழ்ந்துகொண்டே போனது. மலேசியாவின் மேற்கு ஜொகூரில் கால்வாய் வெட்டிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் நிலம் ஆண்டுக்கு 2 செ.மீ. இறங்கியது. கைபடாத பீட் வளர்வதோ ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர். ஒரு தோட்டம் ஓராண்டில் தின்றதை இயற்கை திரும்பச் சேர்க்க ஒரு மனித ஆயுளின் பாதியாவது ஆகும். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழப் பீட்டுக்குள் சுமார் 600 டன் கார்பன் அடங்கியிருக்கிறது. இந்தோனேசியாவின் பீட் முழுதையும் கூட்டினால் சுமார் 5,700 கோடி டன். இவ்வளவு பெரிய இருப்பின்மேல் மெதுவான இழப்பை இயல்பு நிலையாக அறிவிக்கும் விதியைப் பாதுகாப்பு விதி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அந்த 40 செ.மீ. எதைக் குறிக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் மேற்பரப்புப் பீட் எளிதில் தீப்பற்றும் என்று கலிமந்தானில் ஆய்ந்தவர்கள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். அது தீ அபாயம் தொடங்கும் எல்லைக்கோடு. அந்த விளிம்பில் நிற்கும் நிலத்தை நலமான நிலம் என்று பதிவுசெய்வது எந்த அறிவியலிலும் சேராது. மழைக்காலத்தில் 10 செ.மீ., வறட்சியின் உச்சத்தில் 90 செ.மீ. என்று ஊசலாடும் நிலத்துக்கும் ஆண்டுச் சராசரி 40-க்குள் வந்துவிடலாம். கார்பன் அதிகம் போவதும் தீ பிடிப்பதும் அந்த 90 செ.மீ. மாதங்களில்தான். 2006-இல் மத்திய கலிமந்தானில் எரிந்த இடங்களை லேசர் கருவியால் அளந்தபோது சராசரியாக 33 செ.மீ. ஆழத்துக்குப் பீட் மறைந்திருந்தது. ஒரே பருவத்துத் தீ. பல நூற்றாண்டுகளின் சேமிப்பு ஓரிரு மாதங்களில் போயிற்று. அந்த மாதங்களைச் சராசரிக்குள் கரைத்துவிடும் எந்தக் கணக்கும் அளக்கவேண்டியதை அளக்கவில்லை.

காடு அழிந்த பீட்டில் இந்த ஊசலாட்டம் இன்னும் மோசம். உயிருள்ள சதுப்புக்காட்டின் தரை சமதளமன்று. மரங்களின் அடியில் வேரும் சருகும் சேர்ந்து திட்டுத்திட்டாக உயர்ந்திருக்கும், நடுவே பள்ளங்கள். பெய்த மழை பள்ளங்களில் தேங்கிப் பல வாரங்கள் எடுத்து மெல்லக் கசியும். மேலே இலைக்கூரை நிழல் தரும். எரிந்த நிலத்தில் திட்டும் இல்லை, பள்ளமும் இல்லை, நிழலும் இல்லை. மழைக்காலத்தில் வெள்ளம் நட்ட கன்றுகளை மூழ்கடிக்கிறது. கோடையில் அதே நிலம் ஆழம்வரை காய்கிறது. கால்வாயை அடைத்துவிட்டால் மட்டும் இந்த மாற்றம் திரும்பாது. பாலங்கராயா அருகே ஹிரானோ தலைமையிலான ஜப்பானிய இந்தோனேசியக் குழு மூன்று இடங்களில் கோபுரம் நிறுத்திப் பல ஆண்டுகள் கார்பன் போக்குவரத்தை அளந்தது. 2012-இல் வெளிவந்த முடிவின்படி வடித்து எரிந்த நிலம் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 5 டன் கார்பனை இழந்தது, வடித்த காடு 3.3 டன், வடிக்காத காடு 1.7 டன். கடைசி எண்ணின் பிழைவரம்பு பெரியதுதான். ஆனாலும் வறட்சியும் புகையும் சூழ்ந்த ஆண்டுகளில், ஒழுங்காக நின்ற காடுகூடக் கார்பனைச் சேர்த்தது என்று சொல்ல அந்த அளவீடு இடம் தரவில்லை.

இப்போது அதே ஐபிசிசி வழிகாட்டியைத் திரும்பப் புரட்டுங்கள். மீண்டும் நனைத்த வெப்பமண்டலப் பீட்டின் கரியமில வாயு வெளியேற்றத்துக்கு அது தரும் இயல்பு எண் பூஜ்யம். நீர் நிலப்பரப்புவரை உயர்ந்து ஆண்டு முழுதும் அங்கேயே நிற்கும் நிலத்துக்கு அந்தப் பூஜ்யம் பொருந்தும். ஆறு மாதம் வெள்ளமும் மூன்று மாதம் வறட்சியுமாகக் கிடக்கும் நிலத்துக்குப் பொருந்தாது. ஆனால் ஒரு ஹெக்டேர் நனைக்கப்பட்டது என்று பதிவேட்டில் ஏறியதும் இந்தப் பூஜ்யத்தை அதன்மேல் எழுதிவிட வழி திறந்துவிடுகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பதிவேட்டில் நனைந்த பீட்டும் வளிமண்டலத்துக்கு உதவாது.

பீட் நிலத்தின் வடிவத்தை மறந்துவிட்டதுதான் இந்தப் பிழையின் வேர். இரண்டு ஆறுகளுக்கு நடுவே பீட் ஒரு குவிமேடாக உயர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத உயர்வு; கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூட இருக்காது. அந்த மேட்டுக்கு மழை ஒன்றே நீராதாரம். மேடு முழுதும் ஒரே நீர்த்தொகுதி. இந்தோனேசியச் சட்டமே அதைப் பீட் நீரியல் அலகு என்று அங்கீகரித்திருக்கிறது. விளிம்பில் கால்வாய் வெட்டினால் விளிம்பு தாழும். விளிம்பு தாழத் தாழச் சரிவு கூடும். நடுமேட்டின் நீர் அந்தப் பக்கம் இறங்கும். உச்சியில் ஒரு மரத்தையும் வெட்டாமலேயே உச்சியைக் காயவைத்துவிடலாம். இதை அறிந்திருந்தும் 2019-இல் அந்நாட்டு வனத்துறை அமைச்சகம், காக்கவேண்டிய பகுதியைக் குவிமேட்டின் உச்சிக்குச் சுருக்கி ஒரு விதி கொண்டுவந்தது. உச்சிக்கு வெளியே, முன்பு பாதுகாப்புப் பகுதியாக வகைப்படுத்திய பீட்டிலும், ஏற்கெனவே உள்ள தோட்டங்கள் உரிமக் காலம் முடியும்வரை தொடரலாம். சரிவில் வடிகாலும் உச்சியில் மீள்நனைப்பும் ஒன்றாக நடக்கமுடியாது. அந்த விதி மேட்டின் ஒரு பக்கத்தில் செலவிடும் பணத்தை இன்னொரு பக்கத்தில் வடியவிடுகிறது.

தடுப்பணையைக் கிட்டப் போய்ப் பார்த்தாலும் இதே கதை. கெலாம் மரக் கம்புகளை இரண்டு வரிசையாகச் சேற்றில் அடித்து, நடுவில் மணல் மூட்டைகளை அடுக்கிப் பீட் மண்ணால் நிரப்புகிறார்கள். மேல்நீர் வழிய நடுவில் ஒரு தாழ்வான இடைவெளி விடுகிறார்கள். சுற்றியுள்ள மண்ணில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்; பிடிமானமே இல்லாதது. அணையின் இருபுறமும் நீர்மட்ட வேறுபாடு ஓரிரு சாணைத் தாண்டினாலே தண்ணீர் கம்புகளைச் சுற்றி, அடியை அரித்து வேறு வழி கண்டுகொள்ளும். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு என்று வைத்துக்கொண்டு, அணைக்குக் கால் மீட்டர் வேறுபாடு என்று கணக்குப் போட்டால் 500 மீட்டருக்கு ஓர் அணை வேண்டும். பழைய நெல்திட்டத்தின் 4,000 கிலோமீட்டருக்கு அது 8,000 அணை. அவற்றைக் கட்டினால் போதாது, மழைக்கு மழை பழுதுபார்க்கவும் வேண்டும். கட்டிய அணையை எண்ணுகிறார்கள். மூன்றாவது மழைக்கு நிற்கும் அணையை எண்ணுவதில்லை. கால்வாய்தான் அங்குள்ள டயாக், பஞ்சார் மக்களுக்குப் பாதை. மீனும் ரப்பரும் ஏற்றிய மோட்டார்ப் படகு அணையில் முட்டி நின்றால் அணையை வெட்டி வழிவிடத்தான் செய்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. அவர்களைக் கேட்காமல் கட்டியவர்களைத்தான் கேட்கவேண்டும்.

பெரும்பணம் இந்தக் குறையைத் தீர்க்கும் என்றும் நம்பிப் பார்த்தாயிற்று. 2007-இல் ஆஸ்திரேலியா இந்தோனேசியாவுடன் சேர்ந்து கலிமந்தானுக்கு 10 கோடி ஆஸ்திரேலிய டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தது: 2 லட்சம் ஹெக்டேர் பீட்டை மீண்டும் நனைப்பது, 10 கோடி மரம் நடுவது. இலக்குகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பெரிய கால்வாய்களை அடைக்காமலேயே 2014-இல் திட்டத்தை மூடினார்கள். மரம் நடும் எண்ணிக்கையும் ஹெக்டேர் எண்ணிக்கையும் அறிவிப்பில் எளிது. முக்கியக் கால்வாயின் குறுக்கே கைவைப்பது அரசியல். அங்கே கைவைக்காத எந்தத் திட்டமும் மீள்நனைப்பு ஆகாது என்ற பாடத்தை அதற்குப் பிறகும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த ஓட்டைக் கணக்கின்மேல்தான், சேமித்த கார்பனைச் சான்றாக விற்கும் கார்பன் கிரெடிட் சந்தை எழும்புகிறது. மத்திய கலிமந்தானின் காத்திங்கான் மெந்தாயா திட்டம் உண்மையான காட்டைக் காக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது ஆண்டுக்குச் சராசரி 75 லட்சம் டன் என்று காட்டும் சேமிப்பு, திட்டம் இல்லாவிட்டால் அந்தக் காடு அகேசியாத் தோட்டமாகியிருக்கும் என்ற அனுமானத்திலிருந்து பிறக்கிறது. 2011 முதலே மூலக்காட்டிலும் பீட்டிலும் புதிய உரிமம் தரக்கூடாது என்று தடையாணை இருக்கும் நாட்டில் அந்த அனுமானம் எவ்வளவு தாங்கும்? நடக்காத அழிவை விலைக்கு விற்று, அதை வாங்கியவர் எங்கோ உண்மையாகவே எண்ணெய் எரித்தால், மிஞ்சுவது எரித்த எண்ணெயின் புகை. பீட்டில் கார்பன் இருக்கும் காலம் ஆயிரம் ஆண்டுகளில் எண்ணவேண்டியது. கிரெடிட் ஒப்பந்தத்தின் காலம் சில பத்தாண்டுகளில் முடிந்துவிடுவது. அடுத்த எல் நினோவில் எரியக்கூடிய ஒன்றை நிலையான சேமிப்பு என்று விற்பதை நான் மோசடிக்கு அடுத்த வீடு என்றே கருதுகிறேன்.

மறுதரப்பு என்ன சொல்லும் என்பது தெரியும். 40 செ.மீ. நடைமுறைச் சமரசம், அதற்கு மேலே தண்ணீர் நின்றால் எண்ணெய்ப்பனையும் அகேசியாவும் பிழைக்காது, லட்சக்கணக்கானோர் பிழைப்பு போய்விடும். 2016-இல் கூச்சிங்கில் கூடிய பன்னாட்டுப் பீட் மாநாட்டை ஒட்டியும், வடித்துக்கொண்டே பீட்டைக் காக்கலாம் என்ற குரல் செய்திகளில் ஓங்கி ஒலித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு அதை மறுத்தார்கள். அவர்கள் மறுப்பு சரி. தண்ணீர் நின்றால் பிழைக்காத பயிர் பீட்டில் இருக்கக்கூடாது என்பதுதான் அந்த வாதத்திலிருந்து வரவேண்டிய முடிவு. பீட்டை வடிப்பதற்கான நியாயம் அதிலிருந்து வராது. சிறு விவசாயியின் பிழைப்பு உண்மையான கேள்வி. ஆனால் பல்லாயிரம் ஹெக்டேர் உரிமம் வைத்திருக்கும் காகிதக்கூழ் நிறுவனங்கள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தரக்கூடாது. சிறு விவசாயிக்கு நீரில் நிற்கும் சாகோ உண்டு, ஜெலுத்துங் மரப்பால் உண்டு, பாய் முடையும் கோரை உண்டு, மீன் உண்டு. அவற்றுக்குச் சந்தையும் விலையும் உறுதிசெய்ய அரசு செலவிடட்டும். அதற்கு மாறாக, 2020-இல் அதே பழைய நெல்திட்ட நிலத்தில் மறுபடியும் உணவுப் பண்ணை என்று கிளம்பியது அரசு. ஒரு கையால் கால்வாயை அடைத்துக்கொண்டு மறுகையால் கால்வாயைத் தூர்வாரும் நாட்டில் எந்த முகமை எவ்வளவு உழைத்தாலும் கார்பன் தங்காது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அணைகளை எண்ணுவதை நிறுத்துங்கள். ஆண்டுச் சராசரியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிக வறண்ட மாதத்தின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்தை அளவுகோலாக வையுங்கள். அடிக்களிமண்வரை இறக்கிய கம்பியை நிறுத்தி நிலம் எவ்வளவு தாழ்கிறது என்று ஆண்டுதோறும் பாருங்கள். தாழ்கிற நிலத்தை நனைந்த நிலமாகக் கணக்கில் ஏற்றாதீர்கள். உரிமக்காரரின் எல்லைக்கோட்டை விட்டுவிட்டு முழுக் குவிமேட்டையும் அலகாகக் கொள்ளுங்கள். அளப்பவர் உரிமக்காரரின் சம்பளக்காரராக இருக்கக்கூடாது. இந்த நான்கும் இல்லாத இடத்தில் ஒரு கிரெடிட்டும் விற்கக்கூடாது.

நமக்கும் இதில் வேலை இருக்கிறது. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. தமிழ்நாட்டு அரசு ரேஷன் கடைகளில் பாமாயில் விற்கிறது. அது எந்த மண்ணில் விளைந்தது, பீட் மண்ணா இல்லையா என்று கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்.